ஆவியை விடுவதா, கொல்வதா: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

விட்சர் 3 வீடியோ கேமில் மரத்தடியில் கட்டுண்டு கிடக்கும் அந்த ஆவியை என்ன செய்வதுதான் சரி என்று கேட்டிருந்தாய். முதலில் அதை விடுவித்தாயாம். ஸ்ட்ரெங்கர் பிரபு தூக்கில் தொங்கிவிட்டார். பதிந்து வைத்திருந்த பழைய இடத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி ஏற்றி (லோட் செய்து) ஆவியைக் கொன்றாயாம். சதுப்பு நிலத்துப் பிள்ளைகளைக் காணோம். மறுபடி லோட் செய்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டத்தை அப்படியே போட்டு வைத்திருக்கிறாய். அதே மரத்தடியில் நின்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இன்னும் பல பேர் இருப்பதால், பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். கதை முடிவுகள் நிறைய உடையும். இன்னும் ஆடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேர் பதில் இதுதான்: சரியானது என்று ஒன்று அங்கே இல்லை. ஆவியை விட்டால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். ஆனால் டவுன்வாரன் கிராமம் அழிகிறது, ஸ்ட்ரெங்கர் பிரபுவின் மனைவி அன்னா சாபத்தில் உருமாறிச் சாகிறாள், அவள் கணவர் அந்தத் துக்கத்தில் கயிற்றை எடுக்கிறார். ஆவியைக் கொன்றால் கிராமம் தப்புகிறது. அன்னாவுக்குப் புத்தி பேதலித்தாலும் உயிர் இருக்கிறது. வைத்தியம் பார்க்க அவளை நீல மலைப் பக்கம் கூட்டிப் போகிறார் கணவர். பிள்ளைகள்தான் பலியாகிறார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

நீ லோட் செய்ததில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆட்டம் உன்னுடையது, ராத்திரியும் உன்னுடையது. உறுத்துவது வேறு. முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "அப்போ நான் செய்தது தப்பு" என்கிறாய் பார், அதுதான். அந்த மரத்தடியில் நிற்கும்போது உனக்கு என்னென்ன தெரியும் என்று யோசி. ஆவி ஆட்களைக் கொன்றிருக்கிறது என்று ஊர்ப்பெரியவர் சொல்லிவிட்டார். பிள்ளைகளைச் சதுப்பு நிலத்துச் சூனியக் கிழவிகள் தின்னப் போகிறார்கள், என்னால் காப்பாற்ற முடியும் என்று ஆவி சொல்கிறது. அந்தக் கிழவிகள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று நீயே பார்த்துவிட்டாய். அவ்வளவுதான். பிரபுவின் கயிறு அப்போது உன் கண்ணில் எங்கேயும் இல்லை.

ஆகவே கணக்கைப் பிரித்துப் போடு. கொலை செய்து பழகிய ஒன்றை அவிழ்த்துவிட்டால் அது மறுபடி கொல்லும் என்பது ஊகிக்கக்கூடியது. கிராமம் அழிந்ததில் உனக்குப் பங்கு உண்டு, அதைத் தட்டிக்கழிக்காதே. பிரபு செத்தது, எழுதியவர்கள் பின்னால் இழுத்துவிட்ட நூல். அதற்கும் சேர்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது அநியாயம்.

இதைச் சொன்னால், "அப்போ தெரியாமலே இருந்துவிட்டால் பொறுப்பே இல்லையா?" என்று மடக்குவாய். அங்கேதான் அதே வேலன் பகுதியில் இருக்கும் எலிக் கோபுரத்துச் சைட் குவெஸ்ட் (முக்கியக் கதைக்கு வெளியே உள்ள கிளைப் பணி) வருகிறது. அதை நீ முடித்திருப்பாய். கீரா மெட்ஸ் என்ற மந்திரக்காரி கொடுத்த விளக்கைத் தூக்கிக்கொண்டு ஃபைக் தீவுக்குப் போனால், விளக்கு வெளிச்சத்தில் செத்தவர்களின் பேச்சு கேட்கிறது. அன்னபெல் என்ற பெண்ணின் ஆவி வருகிறது. ஊர் ஜனங்கள் கோபுரத்துக்குள் புகுந்தபோது ஒரு மருந்தைக் குடித்துச் செத்தது போலக் கிடந்தாள். காதலன் கிரஹாம் அவள் இறந்துவிட்டாள் என்று நம்பிப் போய்விட்டான். விழித்தபோது அசைய முடியவில்லை, எலிகள் உயிரோடு தின்றன. கேட்டாலே நெஞ்சு பதறும். அப்புறம் கெஞ்சுகிறாள்: என் எலும்புகளைக் கிரஹாமிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.

பெரும்பாலான ஆட்டங்களில் இப்படிக் கெஞ்சும் ஆவிக்கு உதவினால் நல்லது நடக்கும். அந்தப் பழக்கத்தில் தலையாட்டிவிட்டு எலும்புகளை எடுத்துக்கொண்டு போனால் கிரஹாம் சாகிறான், கொள்ளைநோயைச் சுமக்கும் பேயான அவள் வெளி உலகத்துக்குத் தப்பிவிடுகிறாள். இத்தனைக்கும் அந்தக் கோபுரத்தில் ஒரு மந்திரவாதி கொள்ளைநோயையும் எலிகளையும் வைத்து ஆராய்ச்சி செய்தது உன் கண்முன்னே கிடக்கிறது. எலி, நோய், நோய் பரப்பும் ஆவி என்று முடிச்சுப் போட நிமிடம் ஆகாது. பரிதாபம் அதைச் செய்ய விடுவதில்லை. நம்ப மறுத்தால் அவள் சுயரூபத்தைக் காட்டிச் சண்டைக்கு வருகிறாள். அதன் பிறகு கிரஹாமைக் கூட்டி வரலாம். அவன் அந்தக் கோரத்தைப் பார்த்தும் முத்தம் கொடுக்கிறான், சாபம் நீங்குகிறது, அவனும் சாகிறான்.

கவனி: இரண்டு வழியிலும் கிரஹாம் பிணம்தான். முடிவை மட்டும் பார்த்தால் அவனைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை. ஆனால் ஒன்றில், எதுவும் தெரியாத ஒருவன் வீட்டுக்கு நீ சாவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாய். இன்னொன்றில், எதிரே நிற்பது என்ன என்று பார்த்துவிட்டு அவனே அடி எடுத்து வைக்கிறான். எனக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. விசாரிக்க வழி இருந்தும் விசாரிக்காமல் விட்டது உன் கணக்கில்தான் வரும்.

ஆட்டமே மார்க் போட்டுவிடட்டும் என்று நினைக்கிறாயா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2008-ல் வந்த ஃபால்அவுட் 3-ல் கர்மா என்று ஒரு கணக்கே உண்டு. அதில் டென்பென்னி கோபுரம் என்று பணக்காரர்கள் அடைந்து கிடக்கும் ஒரு கட்டடம். கதிர்வீச்சில் உருக்குலைந்த கூல்கள் எங்களையும் உள்ளே விடு என்று வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தலைவன் ராய் ஃபிலிப்ஸ். ரத்தம் சிந்தாமல் பேசிப் பேசி இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் நல்ல கர்மா. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பிப் போனால் பழைய குடித்தனக்காரர்கள் அத்தனை பேரும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கோபத்தில் ராயைச் சுட்டால் உனக்குக் கெட்ட கர்மா! அந்த எண்ணை நம்பித்தான் நல்லவன், கெட்டவன் என்று முடிவு செய்ய வேண்டுமென்றால் என்னால் முடியாது.

ட்ராகன் ஏஜ் ஒரிஜின்ஸ் என்ற ஆட்டம் வேறு ரகம். பேய் பிடித்த சிறுவனைக் கொல்வதா, அவன் தாயைப் பலி கொடுப்பதா என்று நம்மைப் பிழிந்துவிட்டு, மந்திரவாதிகளைக் கூட்டி வந்தால் ஒரு சேதமும் இல்லை என்று பக்கவாட்டில் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். நிம்மதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதவு தெரிந்ததும் கேள்வியே செத்துவிடுகிறது.

லோட் செய்கிற கை ஓய வேண்டுமென்றால் பலன் தாமதமாக வர வேண்டும். 2007-ல் வந்த முதல் விட்சரில் அதுதான் நடந்தது. ஆற்றங்கரையில் காவல் காக்கும் பெட்டிகளை எல்ஃப் கலகக்காரர்கள் வந்து கேட்பார்கள். கொடுத்தால் அப்போதைக்கு எல்லாம் சுமுகம். அடுத்த அத்தியாயத்தில், விசிமா நகரில் நீ தேடிப் போகும் ஆளை அவர்கள் கொன்றுபோட்டிருப்பார்கள். அதற்குள் பல மணி நேரம் ஓடியிருக்கும். யார் திரும்பிப் போவார்கள்?

நான் எப்படி ஆடுவேன் என்று கேட்டால்: எல்லோரிடமும் பேசுவேன். தரையில் கிடக்கும் காகிதங்களைப் படிப்பேன். யார் சொல்வதைக் கேட்டால் யாருக்கு லாபம் என்று பார்ப்பேன். ஆட்டத்துக்குள் தெரிய வேண்டியது தெரிந்ததும் முடிவெடுத்துவிடுவேன். வாக்த்ரூ (ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று சொல்லும் வழிகாட்டி) பக்கம் போவது குவெஸ்ட் முடிந்த பிறகுதான், அதுவும் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்ற வம்புக்காக. அந்த மரத்தடியில் நான் ஆவியை விட்டேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருந்தேன், கிராமத்தின் முகத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை; காரணம் அவ்வளவுதான். நீ வேறு காரணம் சொன்னால் சண்டை போட மாட்டேன். காரணமே சொல்லாமல் "இதில்தான் நல்ல எண்டிங்" என்றால் போடுவேன்.

அடுத்து ஆடப்போவது ஸ்கைரிம் என்றாய். அதில் வைட்ரன் என்ற ஊரின் விடுதியில் சாதியா என்று ஒரு பெண் இருப்பாள். தல்மோர் என்ற எல்ஃப் ஆட்சியாளர்களை எதிர்த்துப் பேசியதால் என்னைக் கொல்லத் துரத்துகிறார்கள் என்பாள். ஊரையே காட்டிக்கொடுத்த துரோகி அவள் என்பான் துரத்தி வந்த கெமாட்டு. இரண்டு பேரும் காசு கொடுப்பார்கள். யார் சொன்னது உண்மை என்று ஆட்டம் கடைசி வரைக்கும் வாயைத் திறக்காது, ஆகவே லோட் செய்தும் பிரயோஜனம் இல்லை. யாரை ஒப்படைத்தாய், எதை வைத்து என்று எழுது. நான் யாரை நம்பினேன் என்று அப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா