எட்மண்டனிலிருந்து அண்ணனுக்கு

எட்மண்டன், கனடா
ஜனவரி மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்கள், அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா? போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "யாருடா அந்த வெள்ளைக்காரப் பெரியவர், ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாயே?" என்று கேட்டீர்கள். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாவுச் சேதியை ஸ்பீக்கர் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது பார்த்துப் படியுங்கள்.

அவரை நாங்கள் எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவோம். கை மடக்கும் போட்டி இருக்கிறதே, ஆர்ம் ரெஸ்லிங், அதில் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் அவரைத் தெரியாத ஆளில்லை. தொழில் வெல்டிங். எண்ணெய் வயல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உக்ரைனிலிருந்து வந்து இங்கே காட்டைத் திருத்திக் கோதுமை போட்ட குடும்பம். எட்மண்டன் இருக்கும் இந்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய.

நான் வந்த முதல் குளிர்காலம் எப்படி இருந்தது என்று உங்களிடம் சரியாகச் சொன்னதே இல்லை. டிசம்பரில் இங்கே சூரியன் வரும்போது மணி ஒன்பதை நெருங்கிவிடும், சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் போய்விடும். எனக்கு கிடங்கில் ராத்திரி ஷிப்டு. தூங்கி எழுந்தால் இருட்டு, வேலைக்குப் போனால் இருட்டு. மைனஸ் முப்பது வந்துவிட்டால் காரைக்கூட மின்சார ப்ளக்கில் செருகி வைக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் எஞ்சின் எழும்பாது. குளிரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் அண்ணே. மனுஷன் மேல் மனுஷன் படாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும். கடையில் சில்லறை வாங்கும்போதாவது ஒரு விரல் படும் என்று பார்த்தால், இங்கே கார்டைத் தட்டிவிட்டுப் போவதோடு சரி.

கூட வேலை பார்க்கும் ஒரு பஞ்சாபிப் பையன்தான் ஒருநாள் என்னைக் கோச் வீட்டு கராஜுக்கு இழுத்துப் போனான். கார் நிறுத்தும் கொட்டகைதான். ஒரு மூலையில் ஹீட்டர், சுவரெல்லாம் ஸ்பேனர், நடுவில் நின்றுகொண்டு கை மடக்குகிற மேசை. ஏழெட்டுப் பேர் பனியன் நனைய நின்றார்கள். கோச் என்னைப் பார்த்து பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "விரல் நீளம், உனக்கு டாப்ரோல் வரும்" என்றார். அப்புறம் என் முழங்கையை மேசைமேல் இருந்த சின்ன மெத்தையில் வைத்து, கட்டைவிரலுக்குக் கட்டைவிரல் மாட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையின் மேல் மடக்கி வைத்தார். இந்த நாட்டில் என் கையை ஒருவர் அவ்வளவு நேரம் பிடித்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. ஹீட்டர் புகை என்று நினைத்திருப்பார்கள்.

நம் ஊரில் டீக்கடை பெஞ்சில் வைத்து மடக்குவோமே, அதுவும் இதுவும் வேறு. இது பாதி மணிக்கட்டில் நடக்கிற சண்டை. எதிராளியின் விரல்நுனிப் பக்கம் ஏறிப் பிடித்து, அவன் மணிக்கட்டைப் பின்னால் திறந்துவிட்டால் அது டாப்ரோல். அப்புறம் அவனுக்கு எவ்வளவு புஜம் இருந்தும் பிரயோசனமில்லை. மணிக்கட்டை உள்ளே வளைத்து அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் ஹூக். முழங்கை மெத்தையை விட்டு எழும்பினால் ஃபவுல். இரண்டு ஃபவுல் என்றால் ஆட்டம் போச்சு. பிடி நழுவினால் இரண்டு கையையும் சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு தப்பிக்க வழியில்லை.

ஒன்று முக்கியம், உங்கள் ஜிம் பையன்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் ஆட்கள் முக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். உடம்பும் தோளும் ஒரு பக்கம் போக, கை மட்டும் பின்னால் தங்கிவிடும். அப்போதுதான் புஜத்து எலும்பு முறுக்கிக்கொண்டு உடையும். சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். கோச்சுக்கு எல்லாவற்றிலும் பொறுமை உண்டு, இதில் மட்டும் கிடையாது. "கையைப் பார்! கையைப் பார்!" என்று கத்திக்கொண்டே வந்து இரண்டு பேர் கைக்கும் நடுவில் தன் கையைச் செருகி ஆட்டத்தை நிறுத்திவிடுவார். ஜெயிக்கப் போகிறவனாக இருந்தாலும் விடமாட்டார். உன் கண்ணும் உன் கையும் ஒரே திசையில் இருந்தால் எலும்பு தப்பிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

இந்த விளையாட்டின் கதையெல்லாம் அவர் வாயால் கேட்க வேண்டும். முதல் உலகப் போட்டி 1979-ல் வெட்டாஸ்கிவின் என்ற ஊரில் நடந்ததாம். இங்கிருந்து தெற்கே 70 கிலோமீட்டர்தான், கோதுமை வயலுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். கோச் அப்போது இருபது வயதுப் பையன், வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். அமெரிக்காக்காரர் ஜான் பிரெசென்க் பேரை எடுத்தால் குரலே மாறிவிடும். விமானங்களுக்கு மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே, தன்னைவிட எத்தனையோ கிலோ கூடுதலானவர்களை மடக்கியவர். அவரையும் 2008-ல் நம் கனடாக்காரர் டெவன் லாரட் மடக்கினார். அந்த ஆட்டத்தை கோச் நிறுத்தி நிறுத்திப் போட்டு எங்களுக்கு வகுப்பே எடுப்பார். 'நம் கனடாக்காரர்' என்று எழுதிவிட்டேன், சிரிக்காதீர்கள்.

சரி, வியாதிக்கு வருகிறேன். அவருக்கு ரொம்ப வருஷமாக சுகரும் பிரஷரும். இரண்டும் சேர்ந்து கிட்னியைத் தின்றுவிட்டன. நான் சேர்ந்த கொஞ்ச நாளில் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி குத்துவதற்குத் தோதாகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா போடுவார்கள். வழக்கமாக எந்தக் கையால் எழுதுகிறோமோ அதை விட்டுவிட்டு மற்றக் கையில்தான் போடுவார்கள், அவருக்கும் இடது கையில் போட்டார்கள். ஒருநாள் "தொட்டுப் பார்" என்று நீட்டினார். தோலுக்கு அடியில் குளவிக்கூடு மாதிரி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

வலது கை தப்பித்துவிட்டதே, மடக்கலாமே என்று நாங்கள் நினைத்தோம். வலது கையால் மடக்கும்போது இடது கை மேசைமேல் உள்ள கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பாதி பலம் அங்கிருந்துதான் வரும். ஃபிஸ்டுலா கையில் அப்படிப் பாரம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு அவர் மேசையில் நிற்பதை விட்டார். மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நடுவர் வேலை பார்த்தார்.

நிறையப் பட்டார் அண்ணே. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர். பொட்டாசியம் ஏறிவிடும் என்று வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் தள்ளி. அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து அவிக்கிற பெரோகிதான் விசேஷப் பலகாரம். எங்களுக்கெல்லாம் தட்டு நிறைய வைத்துவிட்டு அவர் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. டயாலிசிஸுக்கு முன்னாலும் பின்னாலும் எடை பார்ப்பார்களாம், உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று தெரிய. போட்டிக்கு முந்தின நாள் எடை பார்ப்பதைப் போலவே அதையும் வைத்துக்கொண்டார். எங்கள் குரூப்பில் "உள்ளே போகும்போது 100 கிலோவுக்கு மேலே உள்ள பிரிவு, வெளியே வரும்போது 100-க்குக் கீழே உள்ள பிரிவு, யாராவது வருகிறீர்களா?" என்று போடுவார்.

ராத்திரி ஷிப்டு முடிந்த காலைகளில் பல தடவை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அந்த நாலு மணி நேரமும் போனில் ஆட்டங்களாகவே பார்ப்பார். 2023-ல் டெல்லியில் நம் நாட்டுக் கை மடக்கும் போட்டி, புரோ பஞ்சா லீக், முதல் சீசன் நடந்ததே, அதையும் விடவில்லை. கொச்சி அணி கோப்பையை எடுத்த அன்று, "உன் ஊருக்குப் பக்கமா?" என்று கேட்டார். பக்கத்து மாநிலம் என்றேன். "அப்படியென்றால் உன் ஆட்கள்தான்" என்று சொல்லி எனக்குக் கை கொடுத்தார். மலையாளிகள் ஜெயித்ததற்கு எட்மண்டனில் எனக்கு வாழ்த்து!

மாற்றுக் கிட்னிக்கு அவர் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். போன இலையுதிர்காலத்தில் இதயம் இன்னும் மோசமானது. டயாலிசிஸ் நடுவிலேயே பிரஷர் இறங்கி மயங்கிவிடுவார். நவம்பர் கடைசியில், இனி வேண்டாம், நிறுத்திவிடலாம் என்று அவரே சொன்னார். இங்கே அது நோயாளியின் உரிமை. டாக்டர், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசித்தான் முடிவெடுத்தார். நிறுத்தினால் அநேகமாக ஒரு வாரம், பத்து நாள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. நம் வீட்டில் யாராவது இப்படிச் சொல்ல விட்டிருப்போமா என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த முடிவு எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஆனால் அந்த வாரத்தில் அவர் வாய் நிறையத் தண்ணீர் குடித்ததையும், மனைவி செய்த பெரோகியில் இரண்டைச் சாப்பிட்டதையும் பார்த்தேன். அதற்குமேல் வாதாட முடியவில்லை.

கிளப் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாருக்கும் பேச்சு வரவில்லை. வந்தவன் ஒவ்வொருவனும் படுக்கையோரம் முழங்கையை ஊன்றிக் கை நீட்ட, அவரும் பிடித்தார். என் முறை வந்தபோது கண்ணை மூடியபடியே என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, "வளைந்திருக்கிறது, நேராக்கு" என்றார். நேராக்கினேன். அப்புறம்தான் பிடித்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்.

அடக்கம் டிசம்பரில். தரை கல்லாக உறைந்திருந்ததால், முந்தின நாளே மேலே ஹீட்டர் வைத்து மண்ணை இளக்கித்தான் குழி தோண்டினார்கள். சர்ச்சில் அவர்கள் மொழியில் 'என்றும் நினைவு' என்று மூன்று தடவை பாடினார்கள். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும் என்றபோது அவர் மகன் என்னையும் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் இருந்தும் கூப்பிட்டார்.

அம்மாவுக்கு சுகர் இருக்கிறது அல்லவா, அடுத்த தடவை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும்போது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். செலவுக்குப் பணம் தனியாக அனுப்பியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கிறேன் என்று அடம் பிடித்தால் எனக்குப் போன் போடுங்கள்.

அப்புறம், உங்கள் ஜிம்மில் பையன்கள் தரையில் படுத்து மடக்குகிறார்கள் என்றீர்கள். வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு மேசை அடித்துவிடுங்கள். கோச் தன் கையால் எழுதி வைத்திருந்த கணக்கைத் தருகிறேன். பலகை 36-க்கு 26 அங்குலம். தரையிலிருந்து முழங்கை மெத்தையின் மேல்பரப்பு வரை 40 அங்குலம். முழங்கை மெத்தை 7-க்கு 7, பக்கத்தில் கை போய் விழுகிற மெத்தை 4 அங்குல உயரம். பிடிக்கிற கம்பி 6 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். கம்பியை மட்டும் நட்டு போட்டு முடுக்கவிடாதீர்கள், பற்றவைக்கச் சொல்லுங்கள், பையன்கள் பிடுங்கிவிடுவார்கள். மெத்தைக்கு ரெக்சின் போதும். வேலை முடிந்ததும் போட்டோ அனுப்புங்கள், கோச் மகனுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி