மாட்டுத் தீவனத்துக்கு மருந்தா? அடிக்காத மாப்ள

மாப்ள,

தங்கச்சியும் பேத்தியும் சௌக்கியமா? இங்க லச்சுமி கன்னு போட்டுருக்கா, கெடேரி. போன வாரம் நீ போன்ல தீவனத்துக்கு போட்ட தட்டப்பயறு பூரா சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி அப்பிக்கிச்சு, மருந்துக்கடையில ஒரு பாட்டில் குடுத்தாங்க அடிக்கவான்னு கேட்டயே, நான் பஸ்ல இருந்தேன் சரியா பேச முடியல, அதான் எழுதறேன்.

அடிக்காத மாப்ள. நெல்லுக்கு அடிச்சாலும் அறுப்புக்கு நாள் இருக்கும், தீவனம் அப்படியா, நாலு நாள்ல அறுத்து மாட்டுக்குப் போடுவ, அது கறக்குற பாலைத்தான உன் பேத்தி குடிக்கிது.

நான் ரெண்டு வருசமா வேப்பங்கொட்டைக் கரைசல்தான். ஆனி ஆடில விழுற பழத்தைப் பொறுக்கி சதையக் கழுவி நெழல்ல காய வச்சுருவேன். கொட்டைக்கு மூணு மாசமாவது ஆகணும், எட்டு பத்து மாசத்தத் தாண்டுனா வீரியம் போயிரும். கொட்டைக்குள்ள இருக்குற பருப்ப 5 கிலோ இடிச்சு 10 லிட்டர் தண்ணில ராத்திரி ஊறப்போடு, மறுநாள் துணில வடிகட்டி 200 கிராம் காதி சோப்பு கரைச்சு ஊத்தி 100 லிட்டரா ஆக்கிக்க. சோப்பு இல்லேன்னா இலைல நிக்காம உருண்டு ஓடிரும். சாயங்காலம்தான் அடிக்கணும், இலைக்கு அடியிலயும் படணும். மொத தடவ நான் உச்சி வெயில்ல அடிச்சு ஒண்ணுமே கேக்கல, வெயில் பட்டா அதுல இருக்குற அசாடிராக்டின்ங்குற மருந்துச் சத்து சீக்கிரம் சிதைஞ்சிருமாம். மறுநாளே செத்துக் கெடக்கும்னு பாக்காத, பூச்சிய தின்ன விடாம, தோலுரிக்க விடாம பண்றதுதான் இதோட வேலை, கொஞ்சம் பொறு. ஒரு வாரம் விட்டு அறு, இல்லேன்னா கசப்புக்கு மாடு மூஞ்சியத் திருப்பிக்கும். பொறிவண்டு நெறையத் தெரிஞ்சா அடிக்கவே வேணாம், அதுவே அசுவினியத் தின்னு தீத்துரும்.

பொகையிலைக் கசாயம் அடின்னு யாராச்சும் சொன்னா மட்டும் கேக்காத. செடில இருந்து எடுத்ததெல்லாம் மாட்டுக்கு ஆகும்னு இல்ல, நிகோடின் விஷம்டா.

யூரியா எவ்வளவு போட்ட? தழைச்சத்து ஏறிப்போயி தண்டு இளசா கொழுத்தா அசுவினிக்கு கொண்டாட்டம். தட்டப்பயறு வேர்முடிச்சுல தானே தழைச்சத்த புடிச்சுக்கும். அடுத்த வெதைப்புக்கு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடு, நல்லா மக்குனதா இருக்கட்டும், பச்சச் சாணியக் கொட்டுனா வேர்ப்புழு வந்து சேரும்.

எங்கிட்ட போன வருசத்துப் பருப்பு 6 கிலோ இருக்கு, இன்னும் எட்டு மாசம் ஆகல. உன் அரை ஏக்கருக்குப் போதும். ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ல போட்டு விடறேன், கண்டக்டர்ட்ட வாங்கிக்க.