மரத்தடியில் நிற்காதே

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது.

மழை நாளில் நீ எடுத்த படத்தை அவன்தான் காட்டினான். உன் ஸ்டேட்டஸ் என் போனில் மட்டும் ஏனோ வருவதில்லை. பெரிய மரம், அதன் அடியில் உன் ஸ்கூட்டர், பின்னால் கன்னங்கரேலென்று வானம். கைப்பிடியில் ஹெல்மெட் இரண்டு தொங்கின. பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போடுவது நல்ல பழக்கம். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

மரத்தடியைப் பற்றித்தான் கேட்கிறேன். இவ்வளவு படித்தவள், கோடை இடி இடிக்கும்போது அங்கே போய் நிற்கலாமா? மரத்தில் இறங்கும் மின்னல் மரத்தோடு நிற்காது. பக்கத்தில் இருப்பவர் மேல் தாவும், தரையிலும் பரவும். மரத்தைத் தொடவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. ஸ்கூட்டரின் டயர் ரப்பர்தானே என்பாய். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு அந்த ரப்பர் எம்மாத்திரம்?

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்கு, இடி கேட்கும்வரை எண்ணு, 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன் அல்லவா? பத்து வந்துவிட்டால் தூரத்தில்தான் இருக்கிறது என்று குதிப்பாய். அந்தக் கணக்கு சரிதான், ஆனால் அதை நம்பி வெளியே நிற்காதே. மழை பெய்யும் இடத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். இடி காதில் விழுகிறதா, உள்ளே போய்விடு. நல்ல கட்டடம் எதுவானாலும் சரி, கண்ணாடி ஏற்றிய காரும் சரி. நாலு கம்பமும் ஒரு கூரையும் உள்ள பஸ் நிழற்குடை கணக்கில் வராது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை கிளம்பாதே. மழை விட்டதும் ஓடுவதுதான் உன் வழக்கம், தெரியும்.

பதவி உயர்வு கிடைத்ததாக அத்தை சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். அன்று முழுக்க அம்மா அதையே பேசிக்கொண்டிருந்தாள். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டில் இருக்கும்போது இடி இடித்தால் குளிக்காதே, குழாயைத் தொடாதே. சார்ஜில் செருகிய போனில் பேசாதே. செருகாத செல்போனால் வீட்டுக்குள் ஆபத்து இல்லை. ஆகவே மின்னலைச் சாக்குச் சொல்லிப் போனை அணைத்து வைக்க வேண்டியதில்லை.

ரோட்டில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதே. முழங்காலுக்குக் கீழே ஓடும் வெள்ளமே ஆளைத் தள்ளிவிடும், அடியில் பள்ளம் இருப்பதும் தெரியாது. அறுந்த கம்பி கிடந்தால் கிட்டவே போகாதே. மரத்தடியும் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

எங்கேயாவது வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால், இரண்டு பேராக இருந்தால் ஒட்டி நிற்காதீர்கள், தள்ளித் தள்ளி நில்லுங்கள். ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவராவது உதவ வேண்டுமே. மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது, பயப்படாமல் தொடலாம். ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்த வேண்டும். இதை உன்னோடு வருபவருக்கும் சொல்லி வை. பெயர் தெரிந்தால் நானே எழுதிவிடுவேன்.

அப்பா