தமிழ்க் கோப்பு இருந்தும் ஆங்கிலம் ஏன்? நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலிகளிலும் வலைத்தளங்களிலும் தமிழைச் சேர்த்துத் தரும் நிரலாளர்களுக்கு, வணக்கம்.

மொழிபெயர்ப்பு முழுசாக இருக்கிறது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவர் உங்கள் செயலியைத் திறந்தால் ஆங்கிலம் வருகிறது. அவர் கருவி கேட்கும் மொழிக்குறி, ஆங்கில எழுத்துகளில், ‘டிஏ-எல்கே’, அதாவது இலங்கைத் தமிழ். உங்களிடம் இருப்பதோ ‘டிஏ-ஐஎன்’, இந்தியத் தமிழ். இரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும் நிரல் கையை விரித்துவிடும்.

2006-இல் வந்த ஆர்எஃப்சி 4647 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்கு வழி வைத்திருக்கிறது: கேட்ட குறியை வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டிக்கொண்டே தேட வேண்டும். ‘டிஏ-எல்கே’ இல்லையென்றால் ‘டிஏ’. பலர் சறுக்குவது இங்கேதான். வெட்டுப்படுவது கேட்ட குறி மட்டுமே. உங்கள் கோப்பின் பெயரை யாரும் வெட்டப்போவதில்லை. வெறும் ‘டிஏ’ என்று ஒரு கோப்பு இல்லாவிட்டால் மறுபடியும் ஆங்கிலம்தான். ஆகவே பொதுத் தமிழை ‘டிஏ’ என்றே வையுங்கள். நாட்டுக்கு நாடு மாறுவதை மட்டும் தனியே எடுங்கள்: சென்னைக்கு 1,50,000 என்றால் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் 150,000.

இதைச் சரிசெய்கிறேன் என்று முதல் இரண்டு எழுத்து ஒத்தால் போதும் என எழுதிவிடாதீர்கள். ஃபின்னிஷ் ‘எஃப்ஐ’, ஃபிலிப்பினோ ‘எஃப்ஐஎல்’. மணிலாக்காரருக்கு ஹெல்சிங்கியின் மொழி போய்ச் சேரும்.

குறியைப் பிரிப்பதிலும் ஒரு பழக்கம் விடமாட்டேன் என்கிறது: இடைக்கோட்டில் உடைத்து, இரண்டாவது துண்டை நாடு என்று எடுத்துக்கொள்வது. மொழிக்குறியின் அமைப்பை வகுக்கும் ஆர்எஃப்சி 5646 துண்டின் நீளத்தையும் பார்க்கச் சொல்கிறது. மொழிக்கு அடுத்து 4 எழுத்து வந்தால் வரிவடிவம். 2 எழுத்தோ 3 இலக்கமோ வந்தால் நிலப்பகுதி. ‘டிஏ-டிஏஎம்எல்-ஐஎன்’ என்பதில் நடுத்துண்டு தமிழ் எழுத்தைக் குறிக்கிறது. ‘டிஏ-யு-என்யு-டிஏஎம்எல்’ என்பதிலோ அதே நான்கெழுத்து தமிழ் எண்களைக் கேட்கிறது! ‘யு’ போல ஒற்றை எழுத்து வந்த இடத்திலிருந்து கணக்கே வேறு. வலமிருந்து வெட்டும்போதும் கடைசியில் ஒற்றை எழுத்து தொங்கினால் அதையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளம் தருவது இடைக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்ட வடிவம். பின்னால் ஒரு புள்ளியும் ‘யுடிஎஃப்-8’ என்ற எழுத்துக் குறியாக்கப் பெயரும் வரலாம். அதை அப்படியே கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை என்று கத்தும், பரவாயில்லை. ஜாவாவின் குறிபிரிப்பான் சத்தமே போடாமல் எந்த மொழியும் இல்லாத வெற்று விடையைத் தந்துவிடும், அதுதான் ஆபத்து. புள்ளிக்குப் பிறகு உள்ளதை நீக்கி, அடிக்கோட்டை இடைக்கோடாக்கிய பிறகே உள்ளே விடுங்கள். ஒப்பிடும் முன் சிறிய எழுத்தாக்குவதைக் கருவியின் மொழிப்படி செய்யாதீர்கள். துருக்கி மொழிக் கருவியில் ‘ஐஎன்’ என்பதன் ‘ஐ’ புள்ளியில்லாத வேறொரு எழுத்தாகிவிடும். ‘டிஏஎம்’ என்ற மூன்றெழுத்துக் குறி வந்தால் ‘டிஏ’ ஆக்குங்கள். இரண்டெழுத்துக் குறி இருக்கும் மொழிக்கு அதுதான் விதி.

வெளியிடும் முன் ‘டிஏ-எல்கே’, சிங்கப்பூர்த் தமிழான ‘டிஏ-எஸ்ஜி’, ‘டிஏஎம்’, அடிக்கோட்டு வடிவம் ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். நான்குக்கும் தமிழ் வர வேண்டும். ‘டிஏஒய்’ கொடுத்தால் வரக்கூடாது. அது தைவானின் அத்தயால் மொழி.

இப்படிக்கு,
தமிழாக்கப் பணியில் இருப்பவர்கள்