வெயிலைச் சொல்லி விட்டுவிடும் இடமா கழுகுமலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கழுகுமலைக் கட்டுரையில் ஒரு வரி: "மலைமேல் சில சமணச் சிற்பங்களும் உண்டு, வெயில் அதிகமாக இருந்தால் தவிர்த்துவிடலாம்." இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தங்கள் இதழ்தான் வருகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கட்டுரை வருவதற்குச் சற்று முன்னால்தான் ஒரு சனி, ஞாயிறில் அங்கே போயிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் சிலர் கோவில்பட்டியிலும் சங்கரன்கோவில் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஒருவன் தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இன்னொருவன் இன்னும் விவசாயம் பார்க்கிறான். சனிக்கிழமை ராத்திரி பாதிக்கு மேல் பேச்சிலேயே போனது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மலை ஏறிவிட்டோம். எல்லோருக்கும் முழங்கால் வலிதான். ஆனாலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். யாரும் பாதியில் திரும்பவில்லை.

வெட்டுவான் கோயிலைப் பற்றிக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். பாறையை மூன்று பக்கமும் வெட்டி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, முடியாமல் நின்றுபோன வேலை அது. விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை எத்தனை தடவை பார்த்தாலும் போதாது. ஆனால் அதே மலையில், அதே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் தொடங்கிய சமணச் சிற்பங்களுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் பார்க்காமல் போகச் சொல்கிற வரி.

"சில" சிற்பங்களா அவை? பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமண சமயத்தின் பெருங்குருக்கள். நூற்றுக்கும் மேல் இருக்கும். கால்களைச் சுற்றிக் கொடி படர்ந்தும் அசையாமல் தவத்தில் நிற்கிறார் சமண முனிவர் பாகுபலி. தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதருக்கு மேலே நாகம் படம் விரித்திருக்கிறது. சிங்கத்தோடு நிற்கும் இயக்கி, அதாவது சமணக் காவல் தெய்வம், அம்பிகையின் முன்னால் என் நண்பர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாய்ந்து விழும் காலை வெயிலில்தான் புடைப்புச் சிற்பத்தின் ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். வெயில் அங்கே பார்ப்பவனுக்குத் துணை.

உருவங்களின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. யாருக்காக, யார் செய்வித்தார்கள் என்று அவை சொல்கின்றன. அரசர்கள் மட்டும் செய்வித்ததல்ல. தச்சர், குயவர், கொல்லர் எல்லாம் தங்கள் உறவினர், ஆசிரியர் நினைவாகச் செய்வித்தவை இருக்கின்றன. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவிகளின் பெயர்கள் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு குயவர் தன் பெயரைக் கல்லில் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் போய் "தவிர்த்துவிடலாம்" என்று எழுத எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கட்டுரையோடு வந்த சின்னப் படத்தின் கீழே "புத்தர் சிலைகள்" என்று போட்டிருக்கிறீர்கள். தலைக்கு மேலே முக்குடை, அதாவது தீர்த்தங்கரரை அடையாளம் காட்டும் மூன்றடுக்குக் குடை, தெளிவாகத் தெரியும் படம் அது. தங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரில் சமணர் சிலை கிடைத்தாலும் புத்தர் என்று சொல்லிவிடுவது பழைய வழக்கம். பத்திரிகையும் அதையே சொன்னால் பிள்ளைகள் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்?

தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் மாமல்லபுரம் எத்தனையோ முறை வந்துவிட்டது. வரட்டும், எனக்கும் பிடித்த ஊர்தான். தெற்கே இருக்கிற எங்களுக்கு எப்போதாவது ஒரு முறை இடம் கிடைக்கும்போது, வந்து பார்த்து எழுதுகிறவரை அனுப்பக் கூடாதா? மேலே ஏறாமல் கீழேயே திரும்பியவர்தான் அந்த வரியை எழுதியிருக்க முடியும் என்பது என் எண்ணம். அது தவறென்றால் மன்னிக்கவும்.

அப்புறம் அந்தப் பெயர்க் கிறுக்கல்கள். பாறையில் காதலர் பெயர், கட்சிப் பெயர், ஊர்ப் பெயர் என்று பெயின்டிலும் கரியிலும் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தோம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படம் எடுக்கிறார்கள். இதைப் பற்றிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு முன்பே எழுதினேன், பதில் இல்லை. தங்களுக்கும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. ஒதுக்கிவிட்டுப் போகலாம் என்று பெரிய பத்திரிகையே எழுதும் இடத்தில் கிறுக்குகிறவனுக்கு என்ன பயம் இருக்கும்?

தங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். "தவிர்த்துவிடலாம்" என்பதற்குப் பதிலாக, காலையில் சீக்கிரம் ஏறுங்கள், கையில் தண்ணீர் எடுத்துப் போங்கள் என்று இரண்டு வரி சேருங்கள். எங்களுக்கு மேலே தண்ணீர் கிடைக்கவில்லை. நண்பனின் மகன் எடுத்த அம்பிகைப் படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம், சன்மானமும் வேண்டாம். இடம் இருந்தால் சற்றுப் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை