தாதர் டிடியில் நின்றுபோன டிராம்: ஐந்தாவது முறையாகப் புகார்

மாட்டுங்கா, மும்பை
2.8.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் ஆங்கிலத்தில் எழுதினேன். நான்குக்கும் பதில் வந்தது, பயன்தான் இல்லை. எல்லாவற்றிலும் அதே எழுத்துப்பிழை. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் தமிழும் இருக்கிறது, தலைமை அலுவலகமும் சென்னையில் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது அங்கே இருப்பார் என்று நம்பி இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் முதலில் வருகிறது என்பதையும் மறைப்பானேன்.

எந்தப் பொருள் என்று விளக்கத் தேவையில்லை. நீங்கள் விற்கும் மாதிரி டிராம் தொகுப்பு ஒன்றுதான். அந்தப் பச்சைப் பெட்டி. அதில் மோட்டார் வண்டியின் பின் அச்சில் உள்ள நைலான் பல்சக்கரம் பிளந்துவிட்டது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு குலுக்கல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பற்களுக்கு நடுவே தலைமுடி அளவில் ஒரு கீறல் தெரிகிறது. இரண்டு அரை அச்சுகளையும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியது அந்தப் பல்சக்கரம்தான். அது பிளந்தால் பிடி தளர்ந்து இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் மாறிவிடும். 14.4 மி.மீ. ஒட்டி இருக்க வேண்டிய இடைவெளி ஒரு நாள் 14.1 காட்டுகிறது, மறுநாள் 14.8 காட்டுகிறது. பிறகு பாதை பிரியும் பாயிண்டில் தண்டவாளத்தின் மேல் ஏறாமல் என்ன செய்யும்? இதெல்லாம் செய்தவர்களுக்குத் தெரியாததா? தெரியும் என்றுதான் முதல் கடிதத்தை நான்கே வரியில் முடித்தேன். என் தப்பு.

அந்த நான்கு வரிக்கு உங்கள் ஆள் அனுப்பிய பதில்: "தண்டவாளத்தைச் சுத்தம் செய்யுங்கள்." சுத்தம் செய்தேன். ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். "மின் இணைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்" என்று அடுத்த பதில். வண்டி ஓடுகிறது, ஓடும்போது சத்தம் வருகிறது என்று எழுதியவனிடம் இந்தக் கேள்வி! பிறகு வீடியோ கேட்டீர்கள். அனுப்பினேன். "வீடியோவில் சத்தம் எதுவும் கேட்கவில்லை" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டீர்கள். அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்ததுகூட அந்த வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

வாங்கிய தேதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 18.1.2025, சனிக்கிழமை. விலை 31,400 ரூபாய். ஓராண்டு உத்தரவாதம். ரசீதின் நகல் ஐந்தாவது முறையாக இத்துடன் இருக்கிறது. சத்தம் தொடங்கியது மார்ச் 2. கணக்குப் போட்டால் 43 நாள். நாள் ஒன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நான் ஓட்டியதில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் தொலைபேசி ஊழியருக்கும் தோன்றியது. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். வயது 71. பம்பாயின் கடைசி டிராம் போரி பந்தரிலிருந்து தாதருக்கு ஓடியது 1964 மார்ச் 31 அன்று இரவு. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். கூட்டத்தில் என் ஒரு செருப்பு தொலைந்தது. மற்றதையும் கழற்றி அப்பா பைக்குள் போட்டுக்கொண்டார். தாதர் டிடி, தாதர் டிடி என்று இன்றும் டாக்ஸிக்காரரிடம் சொல்கிறோமே, அந்த 'டிடி' டிராம் டெர்மினஸ் என்பது இப்போது பலருக்குத் தெரியாது. அந்த இடத்தைத்தான் ஆறடிக்கு மூன்றடி பிளைவுட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டிலுக்கு மேலே கீலில் மடக்கி நிறுத்திவைக்கும் பலகை. இரவில் அதன் கீழேதான் நானும் என் மனைவியும் தூங்குகிறோம்.

ரயிலை விட்டுவிட்டு டிராமை எடுத்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் அகல ரயில் பாதை 1676 மி.மீ. அதை மாதிரி வண்டியின் அளவுக்கு, அதாவது 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.3 மி.மீ. வரும். அந்த அகலத்தில் பாதை கடையில் கிடைக்காது. எல்லோரும் 16.5 பாதையிலேயே நம் ஊர் எஞ்சினை ஓட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஆனால் பம்பாய் டிராம் ஓடியது 1435 மி.மீ. பாதையில். அதை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 16.5. அச்சாகப் பொருந்துகிறது. 1920-இல் வந்த மாடி டிராமின் உடலை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி உங்கள் வண்டியின் அடிச்சட்டத்தில் உட்காரவைப்பது என் திட்டம். அளவுக்காக ஆணிக் டிப்போவில் இருக்கும், பம்பாய் டிராமை ஓட்டிய பெஸ்ட் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை போய்வந்தேன். தகடெல்லாம் வெட்டிவைத்தாயிற்று. ஒட்டுவதற்குத்தான் ஓடும் வண்டி இல்லை.

சென்ற மார்ச் 31 அன்று, கடைசி டிராமின் 61-ஆம் ஆண்டு நாளில், எங்கள் குடியிருப்பில் பதினொரு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். பாதிப் பேர் டிராமில் போனவர்கள். மாடி உடல் இல்லாவிட்டாலும் உங்கள் வண்டியை அப்படியே ஓட்டிக் காட்டலாம் என்று நினைத்தேன். காபி கொடுத்து, விளக்கை அணைத்து, கருவியைத் திருகினேன். வண்டி கிளம்பியது. டக், டக், டக். டிடி வளைவுக்கு முன் உள்ள பாயிண்டில் முன்சக்கரம் சரியாகத்தான் போனது. பின்சக்கரம் விளிம்பால் தண்டவாளத்தின் மேல் ஏறி, ஒரு கணம் யோசித்து, கல் பாவிய சாலையில் சாய்ந்தது. எதிர்வீட்டு அம்மாள் "ஐயோ பாவம்" என்றார். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாட்டுங்கா முழுவதும் சிரித்தது. 1874-இல் குதிரை இழுத்த டிராம்கூடப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஐயா!

இப்போது அந்த ஊழியர். ஜூன் 9, திங்கட்கிழமை. நாற்பது நிமிடம் உங்கள் புல்லாங்குழல் இசையைக் கேட்டபிறகு இணைப்புக் கிடைத்தது. நான் பல்சக்கரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இந்தியில் குறுக்கிட்டு, "குழந்தைக்கு என்ன வயது அங்கிள்?" என்றார். குழந்தை இல்லை, என்னுடையது என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு, "இந்த வயதில் பொம்மை ரயிலா?" என்று கேட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன். இணைப்பை நிறுத்திவைப்பதாகச் சொன்னவர் நிறுத்திவைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த டிராம்வாலே அங்கிள் மறுபடியும்" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. மறுபடியும்! அதாவது என் புகார் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வேடிக்கையாகத் தெரிந்திருக்கிறது. முப்பத்தாறு ஆண்டு வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். கிழிந்த ஐந்து ரூபாய் நோட்டை மாற்ற வந்தவரையும் சிரித்து அனுப்பியதில்லை.

அந்த ஊழியரே அந்தேரியில் உள்ள சேவை மையத்துக்கு நேரில் போகச் சொன்னார். உங்கள் இணையதளத்திலும் அதே முகவரிதான் இருந்தது, இன்று காலையிலும் இருக்கிறது. ஜூன் 17 அன்று கொட்டும் மழையில் கிளம்பினேன். வண்டியைப் பூத்துவாலையில் சுற்றி, என் மனைவியின் எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினேன். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் வேறு பெட்டி வீட்டில் இல்லை. மாட்டுங்காவிலிருந்து காட்கோபர் வரை மெதுவான லோக்கல். குர்லாவுக்கு முன் முக்கால் மணி நேரம் நின்றது. அங்கிருந்து மெட்ரோவில் மரோல் நாக்கா, பிறகு ஆட்டோ. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு என்று நினைத்து ஒரு பையன் "தாத்தா, சாம்பார் கொட்டிவிடுமா?" என்று கேட்டான். போய்ச் சேர்ந்தால் வாசலில் காவலாளி மட்டும் இருந்தார். மையம் மூடி மூன்று மாதம் ஆகிறதாம். "தினம் இரண்டு மூன்று பேர் இப்படித்தான் வருகிறார்கள்" என்றார். நான் நனைந்திருந்ததைப் பார்த்துத் தன் நாற்காலியைக் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தோடு தொடர்புடைய மனிதர்களில் எனக்கு மரியாதை காட்டியவர் அவர் ஒருவர்தான். அவரும் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லையாம், கட்டடத்து ஆளாம்.

அன்று இரவே காய்ச்சல். ஒன்பது நாள் படுக்கை. மருத்துவருக்கும் மருந்துக்கும் 2,260 ரூபாய். இதையும் இழப்பில் சேர்த்திருக்கிறேன்.

பிறகு தானேயில் பழுதான பொருளை வாங்கிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சொன்னீர்கள். ஜூலை 4 அன்று அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தொகுப்பு முழுவதையும் பிரிக்காத பெட்டியில் திருப்பித் தந்தால்தான் மாற்றித் தருவோம் என்றார்கள். பெட்டியைப் பிரிக்காமல் வண்டி ஓடுகிறதா என்று பார்க்கும் வித்தையை உங்கள் நிறுவனம் எனக்குக் கற்றுத்தர வேண்டும். பாதைத் துண்டுகளைத் தர முடியாது. அவை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பதிந்திருக்கின்றன. டிராம் பாதை சாலையோடு சமமாக இருக்க வேண்டும், சக்கர விளிம்பு ஓட மட்டும் பள்ளம் விட வேண்டும். அந்தச் சாலையில் ஒவ்வொரு கல்லையும் மழுங்கிய ஊசியால் நானே கீறியிருக்கிறேன். ஒரு கல் ஒன்றரை மி.மீ.கூட இருக்காது. ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு மாலைப்பொழுது பிடிக்கும். அதை உளியால் பெயர்த்து உங்களுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டுமாம்! ஃபுளோரா ஃபவுண்டன் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் சாலையைத் தோண்டியபோது பழைய டிராம் தண்டவாளம் தாருக்கு அடியில் அப்படியே கிடந்தது. அதைப் போட்டவர்களிடம் யாரும் பெட்டியைக் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, ஜூலை 23 அன்று, வண்டி திரும்பி வந்தது. சரிசெய்யப்படவில்லை. 'வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்ததால் உத்தரவாதம் செல்லாது' என்று ஒரு சீட்டு. மேலே இருந்த டிராலிக் கம்பம், அதாவது மின்கம்பியைத் தொடும் கம்பம், வளைந்திருந்தது. நான் கொடுத்தபோது நேராக இருந்தது, படம் இருக்கிறது. நான் கழற்றியது அடித்தகட்டை மட்டுமே. எண்ணெய் விடுவதற்கு அதைக் கழற்றச் சொல்வது உங்கள் கையேட்டின் எட்டாம் பக்கம். தமிழிலும் சொல்கிறது, படம் போட்டும் சொல்கிறது. உங்கள் பொருளை உங்கள் கையேட்டின்படி கையாண்டதுதான் என் குற்றமா?

மரியாதையாகவே கேட்கிறேன். எனக்கு வேண்டியது பல்சக்கரத்தோடு கூடிய இரண்டு அச்சுகள், ஒரு டிராலிக் கம்பம். இருநூறு முந்நூறு ரூபாய் பெறுமா? பொருத்துவதை நானே பார்த்துக்கொள்கிறேன். உதிரிப் பாகங்கள் விற்பதில்லை என்று மறுபடியும் எழுதாதீர்கள். விற்க வேண்டாம், கொடுங்கள்.

இல்லையென்றால், பதினைந்து நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பதிவுசெய்வேன். பிறகு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு வர வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. வங்கிக்காரன், விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பொருளின் விலை, மருத்துவச் செலவு, போக்குவரத்து, ஆறு மாத உழைப்பு, மன உளைச்சல், அந்தச் சிரிப்பு, எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் கேட்பேன். உண்மையில் அதுவும் குறைவு.

அந்த ஊழியரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. ஜூன் 9 உரையாடல் பதிவில் இருக்கும் என்று உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. அதை அவரையே உட்காரவைத்து ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். நானும் அவருக்கு ஒரு தாத்தா வயதுதான்.

இப்படிக்கு,
பச்சைப் பெட்டி வாங்கிய வாடிக்கையாளர்,
மாட்டுங்கா

பின்குறிப்பு: தானேயில் வண்டியை எவர்சில்வர் டப்பாவோடுதான் கொடுத்தேன். திரும்பி வந்தது காற்றுக்குமிழித் தாளில் சுற்றி. டப்பா வரவில்லை. அது என் மாமியார் கல்யாணச் சீராகக் கொடுத்தது, அடியில் 'கோ.வி.' என்று பெயர் வெட்டியிருக்கும். மூடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இடமாகத் திருப்பித் திறக்க வேண்டும். டிராம் வருவதற்கு நாளானாலும் டப்பாவை முதலில் அனுப்பிவையுங்கள். வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.