தவறான இன்ஜெக்டர், ஆறு வார அலைச்சல்: நான்காவது புகார் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

பொருள்: ஆறு சிலிண்டர் டீசல் லாரிக்குப் பொருந்தாத இன்ஜெக்டர் கொடுத்தது, பம்புக்கு வாரன்ட்டி மறுத்தது தொடர்பாக

ஐயா,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே வரிதான் வந்தது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், நான் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. லாரி ஆறு வாரமாக ஷெட்டில் நிற்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது, லோடு ஏற்றினால் மேட்டில் பிக்கப் இல்லை. அங்கேதான் எல்லாம் தொடங்கியது. மெக்கானிக், சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, ஆளுக்கொரு பாட்டில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். நான்கு பாட்டிலில் டீசல் ஒரே மட்டத்தில் நின்றது. இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் அதைவிட மூன்று மடங்கு, அதாவது அந்த இரண்டும் உள்ளே கசிகின்றன. ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் மடிப்புகளுக்குள் மினுமினுவென்று உலோகத் தூள். டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் தேய்ந்து அந்தத் தூள் எல்லா இன்ஜெக்டருக்குள்ளும் போயிருக்கிறது, இரண்டை மட்டும் மாற்றினால் மற்ற நான்கும் பின்னாலேயே போகும் என்றார். ஆறு இன்ஜெக்டரையும் பம்பையும் சேர்த்தே மாற்ற முடிவு செய்தோம்.

தப்பாக எதையும் வாங்கிவிடக் கூடாது என்றுதான் நேராக உங்களுக்கே போன் செய்தேன். இன்ஜின் நம்பர், பழைய இன்ஜெக்டரின் பார்ட் நம்பர் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். "இந்த இன்ஜினில் எமிஷன் விதி, அதாவது புகைக் கட்டுப்பாட்டு விதி, மாறியபோது இன்ஜெக்டரும் மாறியிருக்கிறது, எனக்கு எது?" என்று தெளிவாகவே கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், போட்டா ஓடும்" என்றார் உங்கள் ஆள். அதை நம்பித்தான் ஆறு இன்ஜெக்டரையும் பம்பையும் உங்களிடம் வாங்கினேன்.

ஒன்றில்லை ஐயா. வெளியிலிருந்து பார்த்தால் உடம்பு ஒன்று, கனெக்டர் ஒன்று, உயரம் ஒன்று. பார்ட் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான் வேறு. ஆனால் நாசில் முனையில் துளைகளின் எண்ணிக்கையும் டீசல் தெறிக்கும் கோணமும் வேறு. பிஸ்டனின் குழி அந்தக் கோணத்துக்காக வெட்டப்பட்டது. குழிக்குள் விழவேண்டிய டீசல் சிலிண்டர் சுவரில் விழுந்தால் அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு அடியில் இருக்கும் இன்ஜின் ஆயிலில் இறங்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் சரக்கு, உங்களுக்குத் தெரியாதா? மாட்டிய இரண்டாம் நாள் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மட்டம் ஏறியிருந்தது, விரலில் தேய்த்தால் டீசல் வாடை. கரும்புகை வேறு, சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும் சத்தம் வேறு. அன்றே நிறுத்தாவிட்டால் என் இன்ஜினே போயிருக்கும்.

ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் அச்சடித்திருக்கும் கோட் நம்பரை ஸ்கேனரில் ஏற்ற முயன்றபோது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் ஆறில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. அதையும் போன் செய்து சொன்னேன். "கோட் நம்பர் போடலைன்னாலும் பரவாயில்ல" என்று பதில் வந்தது. பரவாயில்லை என்றால் அதை எதற்கு அச்சடிக்கிறீர்கள்?

அப்புறம் அந்தப் பயணம். இன்ஜெக்டர்களைச் சேவை மையத்துக்குக் கொண்டு வந்தால் டெஸ்ட் பெஞ்ச் என்ற சோதனை எந்திரத்தில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். ஆறையும் கழற்றி, முனைக்கு மூடி போட்டு, தனித்தனியாகத் துணியில் சுற்றி, ஒன்று முதல் ஆறு வரை சிலிண்டர் எண் எழுதி, ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். காலை ஒன்பது மணிக்கு கவுண்டரில் நின்றேன். அங்கே இருந்தவர் மூட்டையை அவிழ்க்கக்கூட இல்லை. "எல்லா லாரிக்காரனும் இதையேதான் சொல்றான். மொதல்ல நல்ல டீசல் போடக் கத்துக்குங்க" என்றார். நான் இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். என் மகன் வயது அவருக்கு. அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நின்றேன். சரி, பொறுத்துக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்குத்தான் பெஞ்ச் ஓட்டுபவர் லீவு என்று சொன்னார்கள். காலையிலேயே தெரிந்த விஷயம் அது! எட்டு மணி நேரம் என்னை உட்கார வைத்தார்களே, எதற்கு?

புது பம்ப் விஷயத்தை விட்டுவிட்டேன். நீங்கள் கொடுத்த இன்ஜெக்டர்களைக் கழற்றுவதற்கு முன் எடுத்த ஸ்கேனர் பதிவில், லோடில் ஈசிஎம் 1400 பார் அழுத்தம் கேட்கிறது, இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாயில் 1000 தாண்டவில்லை. புது இன்ஜெக்டர்களில் ரிட்டர்ன் அளந்தோம், அது சரியாக இருந்தது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் லோ பிரஷர் லைனில் காற்று இல்லை. அப்படியென்றால் பம்ப் குறைபாடு, இல்லையென்றால் அதுவும் மாறி வந்திருக்கிறது. இதற்குப் போனில் வந்த உங்கள் பதில், 'டீசலில் உலோகத் தூள், வாரன்ட்டி இல்லை.' டேங்கை இறக்கிக் கழுவினோம். ரெயில், ஆறு ஹை பிரஷர் பைப், இரண்டு ஃபில்டர் எல்லாம் புதிது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பம்பில் டீசல் நிரப்பிக் காற்று எடுத்தோம். பில் அத்தனையும் இரண்டாவது கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஒருவராவது பிரித்துப் பார்த்தீர்களா?

ஆறு வாரத்தில் நான் இழந்தது ஆறு வருட உழைப்பு. வழக்கமாக லோடு கொடுத்தவர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். டிரைவர் வேறு இடம் பார்க்கிறார். மாதத் தவணைக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். என் குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிட்டீர்கள்.

உங்கள் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. என் முந்தைய வண்டியில் உங்கள் பம்பைத்தான் போட்டிருந்தேன், ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் வந்தேன். தயவுசெய்து என் இன்ஜின் நம்பருக்கு உரிய ஆறு இன்ஜெக்டர்களை, புது செம்பு வாஷர்களோடு, மாற்றித் தாருங்கள். பம்பை என் மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது பெஞ்சில் ஏற்றிப் பாருங்கள். வாரன்ட்டி இல்லை என்றால் அதை எந்தச் சோதனையின் அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். அந்த கவுண்டர்க்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், இதை நான் விடப்போவதில்லை.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவேன், லாரி உரிமையாளர் சங்கத்திலும் இந்தக் கடிதத்தைப் படிப்பேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளவேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய இன்ஜெக்டர் ஆறும் நீங்கள் கொடுத்த ஆறும் அதே துணியில் சுற்றியபடி என்னிடம் இருக்கின்றன. இரண்டின் பார்ட் நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி எடுத்த படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்